பூவாடைப் பெட்டியில் ஒரு கேசட்

என் மாமாவின் இசை வாழ்க்கை மொத்தம் மூன்று கச்சேரி, ஒரு கேசட். அம்மாவின் கடைசித் தம்பி அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உறவினர் ஒருவர் விட்டுவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு, தானே தமிழில் எழுதிய ராக் பாட்டுகளைக் காரைக்காலில் பாடிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசி அது. பக்கத்தில் எங்கள் ஊரான சுரக்குடியில் தெருவே அந்தக் கிடாருக்குக் கரண்டு வீணை என்று பெயர் வைத்திருந்தது. அவர் பாடினால் மாடு பால் சுரக்காது என்பார் அப்பா. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்ததால் அதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

மெட்ராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர், பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார். மாமாவுக்கு அது தலையெழுத்தையே மாற்றும் சங்கதி. டிரம் அடிக்கும் சிநேகிதர் மறுநாள் பிரான்சுக்குக் கிளம்புகிறார். ஆம்ப்ளிஃபயரும் அவருடையது. ஆக, இருந்தது ஒரே ஒரு பகல்.

ஜன்னல் இல்லாத இடம் என்று எங்கள் வீட்டுப் பத்தாய அறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மரப்பத்தாயம் அறுவடைக்கு முந்திய மாதங்களில் காலியாகக் கிடக்கும். அந்தப் பக்கமே வரக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஒன்பது வயதுக்காரியிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அவர்கள் வருவதற்கு முன்பே நெல் அள்ளும் அடிவாசல் வழியாகப் பத்தாயத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே கும்மிருட்டு, பழைய நெல் வாடை. டேப் ரெக்கார்டரை என் தலைக்கு மேலே, பத்தாயத்தின் மீதுதான் வைத்திருந்தார்கள். டிரம் அடித்தபோது மரம் முழுவதும் அதிர்ந்தது. மூன்றாவது பாட்டு ஆற்றைப் பற்றியது. மாமா நாள் முழுக்க முணுமுணுத்து எனக்கே மனப்பாடமாகிவிட்ட பாட்டு. ஓர் இடத்தில் கிடார் நின்று டிரம் மட்டும் மெல்லக் கேட்டது. என்னை அறியாமல் அடுத்த அடியைப் பாடிவிட்டேன்.

‘ஆத்தோட போனவளே, அக்கரையில் வெயிலா?’

வாயைப் பொத்திக்கொண்டேன். இரைச்சலில் காது அடைத்துப் போயிருந்த அவர்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை. எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு வெளியே வந்தேன். கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த மாமா என் தலையிலிருந்து ஏதோ பதரை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து கேசட்டைக் கேட்டோம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டில் கிடார் நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு சிறுமியின் குரல் வந்தது. அது என் குரல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கைமயிர் சிலிர்த்தது.

அம்மாவின் கையிலிருந்து முறம் நழுவியது. “தம்பி, நிறுத்துடா. இது அவதான்.”

அவள் என்றால் என் சித்தி. அம்மாவுக்கு அடுத்தவள். நான் பிறக்கும் முன்னரே, பன்னிரண்டு வயதில் ஆற்றோடு போனவள். கன்னியாகப் போய்விட்டதால் எங்கள் வீட்டில் அவள் பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம். ஒரு மூங்கில் பெட்டியில் அவளுக்குப் பாவாடை, வளையல், மஞ்சள் எல்லாம் வைத்துப் படைப்போம்.

“ரேடியோ கீடியோ கலந்திருக்கும்” என்றார் அப்பா. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா என்னைத்தான் பார்த்தார். நான் சிதறிய அரிசியைப் பொறுக்கக் குனிந்தேன்.

அன்றே கேசட்டுக்கு மஞ்சள் தடவி, பூச்சுற்றி, பெட்டிக்குள் வைத்தாள் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் நடுப்பகலில் அதை எடுத்து அந்த ஓர் இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படைத்த பாவாடையை வீட்டுப் பெண்குழந்தைக்கு உடுத்துவது வழக்கம். எனக்கு உடுத்திவிட்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் ‘என்னம்மா’ என்று பதில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் கண்ணாடி பார்க்கப் பயந்தேன்.

மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டிய நாள் மாமா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “அக்கா, ஒரே ஒரு தடவ குடுங்க. பத்து நாள்ல கொண்டாந்துடுறேன்.”

படைத்த பொருள் வாசல் தாண்டக்கூடாது. ஆனால் அம்மா அதைச் சொல்லவில்லை.

“அவள எங்கடா கொண்டு போற? ஒரு தடவ போனவ இப்பத்தான் வந்திருக்கா.”

மாமா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கட்டியிருந்த பாவாடையின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அதே வருஷம் காரைக்காலில் ஓர் ஆபீசில் குமாஸ்தா ஆனார். கிடாரை விற்கவில்லை, தொடவுமில்லை. என் குரலால் ஒருவர் பாட்டு நின்றுபோனது என்ற உறுத்தலோடு நான் வளர்ந்தேன். என் கல்யாணத்தில்கூட நலங்குப் பாட்டு பாட மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அம்மா போன பிறகு பெட்டியைத் திறந்தோம். நாடா பூஞ்சை பிடித்து நொறுங்கியிருந்தது. மாமாவும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

“மாமா, அந்தக் குரல் சித்தியோடது இல்ல. நாந்தான் பத்தாயத்துக்குள்ள இருந்தேன்.”

அவர் நாடாத்துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“தெரியும். ஒன் தலையில பதரு எடுத்தது யாரு?”

“அப்பறம் ஏன் மாமா சொல்லல?”

“அக்கா சிரிச்சத நீயும்தான பாத்த” என்றார். “நீயும்தான சொல்லல.”

அந்தப் பொய்யை நான் ஒருத்திதான் தூக்கிச் சுமக்கிறேன் என்று ஒன்பது வயதிலிருந்தே நினைத்திருந்தேன். மறுமுனையை அவர் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை.