கடற்கொள்ளைச் சண்டையில் எங்களுக்கு ஒதுக்கிய வேஷம்

இன்று காலை, சின்ன காஞ்சிபுரத்தில் நான் சிலம்பம் கற்றுத்தரும் மைதானத்துக்கு ஒருவர் வந்தார். கடலோரக் கோட்டை ஒன்றில் கடற்கொள்ளையர் சண்டையை நாடகமாக நடத்தப் போகிறாராம். பயிற்சி தர நானும், நடிக்க என் மாணவர்களும் வேண்டுமாம்.

"சண்டைய பசங்க போடட்டும் மேடம். உங்க பொண்ணுங்கள கப்பல்ல கட்டிப் போட்டுடுவோம். காப்பாத்துங்கன்னு கத்திக்கினு இருந்தா போதும்."

என் மாணவி ஸ்டெல்லா கேட்டாள்: "ஏன் சார், நாங்க சண்டை போட்டா கப்பல் கவுந்துடுமா?"

"பொம்பளைங்க சண்டைய எவம்மா பாப்பான்?"

"கெளம்புங்க சார்" என்றேன். கம்பை ஓங்காமல் இருந்ததே பெரும்பாடு.

அவர் என்னிடம் கற்கும் பையன்களைப் பார்த்து, "நீங்க வாங்கப்பா" என்றார்.

"எங்களுக்குக் கத்துக்குடுத்ததே அக்காதான். வேற ஆள பாருங்க" என்றான் தினேஷ். மற்றவர்களும் அசையவில்லை.

அவரிடம் கோட்டை இருக்கிறது, கடல் இருக்கிறது. கொள்ளையர்கள்தான் இல்லை. யாருக்காவது ஆசையிருந்தால் சொல்லுங்கள், நம்பர் தருகிறேன்.