மிச்சம் மூன்று நிமிடம்

சித்திரை வெயிலில் மதுரையே விசிறிக்கொண்டிருக்க, ஸ்வெட்டரும் மஃப்ளருமாக டீக்கடைக்கு வரும் ஒரே மனிதர் எங்கள் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்தான். எண்பதுகளில் அந்த ஏ.சி. அறைக்குள் அவருக்கு மட்டுமே அனுமதி. புரோகிராமைத் துளையிட்ட அட்டைக் கட்டாக ஜன்னல் வழியே கொடுப்போம். கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுவார். அட்டைகள் கீழே கொட்டினாலும் கோட்டைப் பார்த்து மறுபடி வரிசையாக அடுக்கிவிடலாம்.

நான் கணித ஆராய்ச்சி மாணவன். 'குரூப்' என்று ஒரு கணித அமைப்பு உண்டு; நான் ஆராய்ந்த குரூப்பில் உறுப்புகளுக்கு முடிவே இல்லை என்று நம்பியிருந்தேன். உறுப்புகளைப் புள்ளிகளாக்கிக் கோடுகளால் இணைத்து, ஒவ்வோர் அடியிலும் எத்தனை புதுப் புள்ளிகள் முளைக்கின்றன என்று எண்ணுவது என் புரோகிராம்.

"எம்புட்டு நேரம் ஓடும் தம்பி? ஃபாரத்துல போடணும்."

"முடியவே முடியாதுண்ணே. புள்ளி வந்துக்கிட்டே இருக்கும்."

"அப்படிப் போட ஃபாரத்துல எடமில்ல."

பத்து நிமிடம் என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் அச்சடித்த தாளோடு வந்தார். பதினோராவது அடியில் புதுப் புள்ளி சைபர். என் குரூப்புக்கு முடிவு இருந்தது. இரண்டு வருட ஆராய்ச்சிக்கும்தான்.

"அட்டை மாறிருக்கும்ணே!" என்று கத்தினேன்.

அவர் கட்டைக் காட்டினார். பென்சில் கோடு பிசகாமல் இருந்தது. பிறகு மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"ஏழு நிமிசத்துல முடிஞ்சிருச்சு தம்பி. மிச்சம் மூணு நிமிசம் இருக்கு. முடியாதது வேற எதுவும் வச்சிருக்கீங்களா?"

கேலியா, அக்கறையா? இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புது ஃபாரமும் மூடி திறந்த பேனாவும் அவர் கையில் தயாராக இருந்தன.