லெட்சுமி அக்காவின் எண்கள் மலையேறின

நேற்றுக் காலை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. லெட்சுமி அக்காவின் மகள். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க."

கண்டியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எந்தக் கடை, எந்தத் தோட்டத்து அலுவலகம் என்றாலும் இலக்கம் அவர் வாயில் நிற்கும். சொல்லும்போது மட்டும் கண் மேலும் கீழும் போய்வரும். ஒருநாள் ஏனென்று கேட்டேவிட்டேன்.

"மூணு கீழ இருக்கு, எட்டு ஒசரத்துல. பாத்துதானே புள்ள சொல்லணும்?" என்றார்.

அவர் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமொன்றில். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் இலக்கம் ரோட்டோரம் ஒன்றில் தொடங்கி மேட்டில் ஏறிக்கொண்டே போகுமாம். எண்களும் அவருக்கு அப்படியே ஏறி நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கோ ஒன்று இடப்பக்கம். மற்றவை வலப்பக்கமாக நேரே ஓடும்.

"எண் எண்டால் இடமிருந்து வலம்தான் அக்கா. கோடு போடுற அடிமட்டத்தைப் பாருங்கோ" என்று சண்டைக்குப் போவேன்.

"ஒங்க ஊரு மாதிரியே ஒங்க எண்ணும் சப்பட்டையா கெடக்கு. அதுக்கு நான் என்னா செய்ய?" என்று சிரிப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

ஓய்வுபெற்று வத்தேகமவில் இருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடக்கை செயலிழந்தது. அதைவிட மோசமாக, இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமற்போனது. தட்டில் வலப்பாதிச் சோறு மட்டும் தீரும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் இடப்பக்கம் நின்று நான் கூப்பிட, அவர் வலப்பக்கம் தேடினார்.

"இந்தப் பக்கம் வா புள்ள. அங்கிட்டு ஒண்ணுமே இல்ல."

சிலருக்கு மனதிலுள்ள எண் வரிசையிலும் இடப்பக்கம் நழுவிவிடும், இரண்டு எண்களுக்கு நடு எண்ணைக் கேட்டால் சரியானதைவிடப் பெரிய எண்ணாகச் சொல்வார்கள் என்றார் டாக்டர். எண்களும் போய்விட்டால் அக்காவிடம் என்னதான் மிஞ்சும்?

வலப்பக்கம் வந்து, பயந்து பயந்து கேட்டேன். "அக்கா, ஒண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலை என்ன?"

கண் கீழே போனது. மெல்ல மேலே ஏறி, பாதியில் நின்றது.

"அஞ்சு. என்னா புள்ள அழுவுற? என் எண்ணு மேல கீழதானே இருக்கு. அது எங்கயும் போகல."

அன்றோடு எங்கள் பழைய சண்டையில் நான் தோற்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் எதிலும் தோற்றதில்லை.

நேற்றுப் பின்னேரம் வத்தேகம வீட்டு ஹோலில் அவரை வைத்திருந்தார்கள். பெட்டியில் அவருடைய இடப்பக்கம் வாசலைப் பார்த்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கதிரைகளை விலக்கிக்கொண்டு சுற்றிப்போய் வலப்பக்கம் நின்றேன்.

"அக்கா, நான் வந்திட்டன். போயிட்டு வாங்கோ."