முன்னறையில் மூன்று பேர்

என் அண்ணனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூப்பிட்ட நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். பிறவியிலேயே பார்வையில்லாத எனக்குச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போக அவர் வேண்டும். என் தோழி அங்கேதான் ஒரு மிளகாய் மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கும் பார்வை கிடையாது. பள்ளி விடுதியில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துப் பேசியவர்கள் நாங்கள்.

இப்போது போனால் முன்னறையில் மூன்று பேராக உட்கார்ந்திருப்போம். வந்த ஆண்பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் பெண்கள் மாடிக்குப் போவது அந்த வீட்டில் மரியாதை இல்லை. காபி வரும். மழையைப் பற்றிப் பேசுவோம். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் அண்ணன் செருமுவார். "போலாமா சாமி?"

போனில் அவள் பக்கத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். "அப்பறம் சொல்றேன் புள்ள" என்று வைத்துவிடுவாள். என்னை அங்கே இறக்கிவிட்டு நீ போய்ப் பிறகு வா என்று அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆட்டோவில் தனியாகப் போக எனக்குப் பயம்.

டவுன் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல் வேண்டும் என்று மனுக் கொடுக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். கண்டக்டர்கள் நல்லவர்கள். ஆனால் கூட்டத்தில் என்னை மறந்துவிடுவார்கள். மறக்காதவர் என் கோலைப் பார்த்துத் தாமாகவே முடிவுசெய்து பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். இவள் வேறு எங்கே போகப் போகிறாள் என்ற நினைப்பு.

குறைதீர் நாள் வரிசையில் திங்கட்கிழமை தோறும் நானும் எங்கள் பார்வையற்றோர் சங்கத்து நான்கு பேரும் நின்றோம். "கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போனா ஆவாதுங்களா?" என்று ஓர் அதிகாரி அன்பாகத்தான் கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மனுவுக்குப் பதில் அச்சடித்த கடிதமாக வந்தது. அதையும் அண்ணன்தான் படித்துச் சொன்னார்.

கடைசியில் எங்கள் தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸில் சோதனைக்காகப் பெட்டி மாட்டினார்கள். கண்டக்டர் பொத்தானை அழுத்தினால் பெண் குரல் ஒன்று நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். அவரோ பழக்க தோஷத்தில், ஆளை இறக்கி, ஏற்றி, விசில் கொடுத்த பிறகே பொத்தானுக்கு வந்தார். பஸ் கிளம்பிய பின் பெயர் கேட்டு என்ன செய்ய? முதல் நாள் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன்.

"கொஞ்சம் முன்னாலயே அமுக்குங்க" என்றேன்.

"விசில் குடுத்தாத்தானுங்க கை ஒழியுது" என்றார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டேன். நான் இறங்க வேண்டியதற்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் கேட்டதும் எழுந்து படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. இறங்கினேன். பழகிய சந்துதான், கோலைச் சுவரோரம் தட்டிக்கொண்டே போய்க் கதவைத் தட்டி, "நாந்தான் புள்ள" என்றேன். தோழியே திறந்தாள்.

"அண்ணன் எங்க?" என்றாள்.

"வரல. நான் மட்டுந்தான்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கல்யாணமான முதல் மாதத்தில் நடந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அழுதாள். பாதியில் கீழேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"மீதிய இன்னொரு நாள் சொல்றேன். இதே மாதிரி தனியா வா புள்ள."

அடுத்த மாதமே சோதனை முடிந்ததென்று பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு போகலாமே என்பார்கள். ஆளில்லாத நிறுத்தத்தில் பஸ் நிற்காது; எண்ணிக்கை எங்கே சரியாக வரும்? இன்னும் மனு எழுதுகிறேன். பயண உரிமை, சம வாய்ப்பு என்றெல்லாம் எழுதுகிறேன். என் தோழி சொல்லாமல் வைத்திருக்கும் மீதியைக் கேட்க ஏங்குகிறேன் என்று எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

போன வாரம் அண்ணனோடு போனேன். மூவரும் மழையைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது அவள் என் கையை விடாமல், "அந்த பஸ்ஸு மறுபடி வந்துருச்சா புள்ள?" என்று கேட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தார். "பஸ்ஸு எதுக்குங்க? நாந்தான் வண்டி வெச்சிருக்கறனே."