சேவியர் வாசித்த நான்கு நிமிடம்

சேவியர் போய்விட்டான் என்று அவன் மனைவி ஸ்டெல்லா போனில் சொன்னபோது நான் பெங்களூர் பீன்யாவில், தொழிற்சாலை ஷிப்டில் இருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். அழுகை வரவில்லை. நம் ஆர்க்கெஸ்ட்ராவில் அவனோடு வாசித்த உங்களிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும்: பதினான்கு வருடம் நான் அவன்மேல் பொறாமைப்பட்டேன்.

தொண்ணூற்றிரண்டில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவனுக்கு ஒரு பழைய பிரெஞ்சு இசைத்தட்டு கிடைத்தது. எழுபதுகளில் வந்தது; முழுக்க சிந்தசைசர். ஆஸ்டின் டவுனில் அவன் வீட்டில் போட்டுக் காட்டினான்.

"சும்னே கேளு மச்சா. ஒருத்தனும் பாடல, ஆனா யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

காற்றைப் போல எழும்பி மெல்லத் தாளமாக மாறியது அந்த ஒலி. இது ஏன் என் கையில் கிடைக்கவில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் கேட்டவுடன் இசைத்தட்டைக் கொடுத்தான். மூன்று மாதம் வைத்திருந்தேன். என்னுடையது புது ஜப்பான் கீபோர்டு. அதில் அந்த ஒலியின் சாயல்கூட வரவில்லை. அவனோ தன் பழைய கீபோர்டின் பின்பக்கத்தைக் கழற்றி, ஒயர்களை மாற்றிப் பற்றவைத்து, காதில் தங்கியிருந்ததை மட்டும் நம்பி அதைக் கொண்டுவந்துவிட்டான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்கள் உள்ளே வரும்போது, அந்த ஒலியில் தானே அமைத்த மெட்டை நான்கு நிமிடம் வாசித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "யாருங்க வாசிச்சது? இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

குழுவை நடத்தியவன் நான். சேவியரிடம் போய், "பார்ட்டிக்காரங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்கப்பா. இனிமே சினிமாப் பாட்டு மட்டும் போதும்" என்றேன். தலையாட்டினான். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவன் அப்படி வாசிக்கவில்லை. ஏன் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

"அன்னிக்கு யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல சேவியர். நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும். பொண்ணோட அப்பா கெளம்பறப்ப என்கிட்டயும் வந்து கைகொடுத்தாரே."

"அப்புறம் ஏன்டா நிறுத்தினே?"

"வாசிக்கறப்ப உன் மூஞ்சியப் பார்த்தேன். நீ கீபோர்டத் தொடறதையே விட்டுடுவியோன்னு பயமாயிடுச்சு மச்சா."

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் யாருக்காகவும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அவன் விட்டுக்கொடுத்ததால் தப்பிப் பிழைத்த என் வாசிப்பு என்னிடம் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. முன்பு அவன் விரல்களின்மேல்; இப்போது அவன் மனதின்மேல்.