மிதிக்க மிதிக்க நகராத மரம்

பேய், முனி, காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து சாமை அரிசி மில்லுக்கு நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த சீரில் இன்றுவரை உருப்படியாக உழைப்பது அது ஒன்றுதான். பஸ் இல்லாமல் இல்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, எனக்கோ மதிய ஷிப்ட். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், வீட்டில் நானும் மாமியாரும்தான். மருமகள் சைக்கிளில் மலையேறிப் போவது மாமியாருக்குப் பிடிக்காது. அதை நேராகச் சொல்லமாட்டார், முனியை முன்னால் விட்டுச் சொல்வார்.

“உச்சி வேளையில தழைமேட்டாண்ட ஒத்தையில போறியே, எதனா ஒண்ணு ஆச்சின்னா எம்புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“முனிக்கு ஷிப்ட் கெடையாது அத்த, எனக்கு இருக்குது” என்று சொல்லிவிட்டு நான் பெடலில் கால் வைத்துவிடுவேன்.

தழைமேடு என்பது வழியில் வரும் ஒரு வளைவு, நல்ல ஏற்றம். அங்கே ஒரு கடுக்காய் மரமும் அதன் அடியில் காய்ந்ததும் பச்சையுமாகப் பெரிய தழைக் குவியலும் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கொத்து ஒடித்து அதில் போட்டுவிட்டுத்தான் போவார்கள், போட்டால் அங்கிருக்கும் முனி வழித்துணைக்கு வருமாம். நடந்து போகிறவர்களுக்கு அது சுலபம். பைக்காரன் ஒரு காலை ஊன்றிப் போட்டுவிட்டு முறுக்கிக்கொண்டு போய்விடுவான். சைக்கிள் மிதிக்கிறவளுக்கு அப்படியா? ஏற்றத்தில் ஒரு தடவை இறங்கினால் அவ்வளவுதான், மறுபடி ஏறி மிதிக்க முடியாது, மேடு முடிகிறவரை தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். திரும்பி வரும்போது இறக்கம், அந்த வேகத்தில் நிற்க யாருக்கு மனசு வரும்? அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அங்கே ஒரு இலைகூடப் போட்டதில்லை.

தை மாதம் அது. முதல் நாள் மில்லில் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் அம்மா என்னை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்.

“இன்னொரு தபா லேட்டா வந்தின்னா உன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன், அப்புறம் எங்கிட்ட அழுவக் கூடாது.”

நான் அழுகிற ஆளில்லை. ஆனால் அந்த வேலை போனால் வெறும் வாயை மெல்லுகிற மாமியாருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். வீட்டோடு கிட என்பார், சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கும், நானும் கூடவே துருப்பிடிப்பேன். நான் பயந்தது முனிக்கல்ல, அதற்குத்தான்.

மறுநாள் பார்த்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. பட்டப்பகல், சுள்ளென்று வெயில். வளைவில் எழுந்து நின்று மிதித்தேன். கடுக்காய் மரம் இடது கைப்பக்கம் வந்தது. வந்தது, அங்கேயே இருந்தது.

முதலில் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். இன்னும் அழுத்தி மிதித்தேன். குனிந்து பார்த்தால் செயின் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, டயருக்கடியில் பொடிக்கல் தெறிக்கிறது. நிமிர்ந்தால் அதே மரம், தழைக் குவியலில் அதே நீல பிளாஸ்டிக் கவர், கைநீட்டினால் தொடலாம். எவ்வளவு நேரம் மிதித்தேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. ஜாக்கெட் நனைந்து, புடவை நனைந்து, தொடை இரண்டும் மரத்துப்போயின. ஒரு வண்டி வரவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. பயந்தேனா என்றால், ஆமாம், பயந்தேன், உங்களிடம் சொல்வதற்கு என்ன. இறங்கு, இறங்கி ஒரு கொத்தைப் போட்டுத் தொலை என்று உள்ளே ஒரு குரல். இறங்கினால் லேட், லேட்டானால் வேலை போச்சு. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கத்தியே விட்டேன்.

“நான் எறங்க மாட்டேன்! எனக்கு லேட்டாவுது! தழை குடுத்தாத்தான் தொணைக்கு வருவியா? வர்றதுன்னா ஏறிக் குந்து, இல்லன்னா வழிய வுடு!”

வண்டி ஒரு தடவை ஆடியது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன். மரம் மெதுவாகப் பின்னால் போனது.

பொழுதே சாய்ந்திருக்கும், வேலை போனதுதான் என்று நினைத்துக்கொண்டு மில்லுக்குள் நுழைந்தால், காலை ஷிப்ட் ஆட்கள் இன்னும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னாடி இது, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா வந்து நிக்கிற? கெணத்துல வுழுந்து எழுந்தவளாட்டம் இருக்குற?”

வெயில் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் மறுநாளே பூசாரி, வேப்பிலை, மந்திரிச்ச கயிறு, அதோடு சைக்கிளுக்கும் வேலைக்கும் முழுக்கு. நடந்தது எனக்கும் அந்த மரத்துக்கும், இதில் மாமியாருக்கு என்ன வேலை?

இரண்டு நாள் கழித்து இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. ஜமுனாமரத்தூரில் வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னாமா இது? ரெண்டு டயரும் போன வாரம் நான்தானே போட்டேன்? முன்னாடி பாரு, புது டயர்ல இருக்குற ரப்பர் முடிகூட உதிரல. பின்னாடி நூலு தெரியுது.”

“மலையில ஓட்டுனா தேயாதாண்ணா?”

“ஒரு வாரத்துலயா? வருசக்கணக்குல டபுள்ஸ் அடிச்சாத்தான் இப்டி ஆவும். பின்னாடி யார வச்சிக்கினு, எங்க போய்ட்டு வந்தே?”

“வேலைக்குத்தாண்ணா, சீக்கிரம் போட்டுக் குடு” என்றேன். புது டயரோடு அதே வளைவில்தான் போனேன். இன்றைக்கும் அதே வழி, அதே ஷிப்ட், தழையும் போடுவதில்லை. முன்னாலிருப்பது அண்ணன் முதலில் போட்ட அதே டயர்தான். பின்னால் எத்தனை போட்டாலும் நிற்கவில்லை, அண்ணனும் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை.

ஏறி உட்காரச் சொன்னது நான்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். இறங்கு என்று மட்டும் இதுவரை சொல்லிப் பார்க்கவில்லை.