தேநீர்ப் பக்கம்

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரியமாமா, சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரான அக்கராயனைத் தாண்டி அவர் போனதே குறைவு. ஆனால் வயலில் பூச்சி விழுந்தாலும் சீனாக்காரன் அதற்கு என்ன செய்வான் என்று சொல்ல அவரிடம் ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்கும். யாராவது வாய் தவறி அந்த நாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும். "அரசியலைப் பிறகு பாப்பம். முதல்ல அவங்கள் என்ன சாப்பிடுறாங்கள், வீட்டுக்கு வந்தவையை எப்பிடிக் கவனிக்கிறாங்கள் எண்டதை வாசியுங்கோ" என்று ஒரு நீல அட்டைப் புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவார். வாங்கிப் போனவர்கள் வாசித்தார்களோ தெரியாது. ஒன்பது வயதில் நான் வாசித்தேன். அதனால் அவருக்கு நான் செல்லம்.

அந்த ஆண்டு அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்தது. அதே மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. மருமகள் படிக்கப் போகத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அக்காவை யாரும் கேட்கவுமில்லை.

பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று காலை அடுப்படியில் நின்ற அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"மாமா உன்னை வாசிக்கச் சொல்லுவார். நீலப் புத்தகத்திலை நான் மயிலிறகு வைச்ச பக்கத்தை வாசி. ஆறுதலா, உரத்து வாசி."

மாமா சொல்லாமல் இருப்பாரா? மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையில் சாய்ந்ததுமே என்னை முன்னுக்கு இழுத்துவிட்டார். பழைய சீனாவில் பெரிய உத்தியோகத்தர் வீட்டு வழக்கம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. வந்தவர் போகலாம் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லமாட்டார். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் தூக்குவார், வந்தவர் எழுந்துவிட வேண்டும். நான் அந்த வரியை வாசித்து முடிக்கவும், எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்த அக்கா கடைசிக் கோப்பையை அப்பாவிடம் நீட்டவும் சரியாக இருந்தது. அப்பா தன்பாட்டில் கோப்பையைத் தூக்கினார்.

வந்தவர்களில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் சிரிக்கவில்லை. குடிக்காத கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்."

"இருங்கோ, இருங்கோ" என்று அப்பா பதறினார். அப்போதும் கோப்பை அவர் கையில் உயர்ந்தபடியே இருந்தது.

அம்மா என் காதைத் திருகினார். மாமாவுக்கு விழுந்த பேச்சில் நீலப் புத்தகம் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. என்னால்தான் அக்காவின் கல்யாணம் குழம்பியது என்று நான் நம்பினேன். பின்னேரம் அவளிடம் போய், "அக்கா, நான் வேணுமெண்டு வாசிக்கேல்லை" என்றேன். அவள் தன் பங்குப் பயற்றம் பணியாரம் இரண்டையும் என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நானும் கூட இருந்து அழுதேன்.